ஈரக் கரண்டி

என் மாமா ஒருவர் கும்பகோணம் பக்கத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்துவந்தார். பள்ளி விடுமுறையில் எடுபிடியாக நானும் ஒட்டிக்கொண்டு போவேன். சமையல்கூடத்துக்குள் யார் வந்தாலும் மாமா கண்டுகொள்ள மாட்டார். காப்பி கேட்டு வரும் பெரியவர், குழந்தைக்குப் பால் சூடு பண்ண வரும் அம்மா, நாதஸ்வரக்காரருக்கு வெந்நீர் வாங்க வரும் பையன், எல்லாருக்கும் வழி உண்டு. ஆனால் ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு ஈரக் கரண்டி இறங்கிவிட்டால் போதும், அவர் குரல் பந்தி வரைக்கும் கேட்கும். “எவன்டா ஜாடியைத் தொட்டது?”

வாசல் அகலத் திறந்து கிடக்க, ஒரு கரண்டிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்போது தோன்றும். பல வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நீட்டிய காகிதக் கட்டில் ‘தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு மற்றும் பாதுகாப்புக் கொள்கை’ என்று இருபது பக்கம் இருந்தது. ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே எல்லாரையும்போல நானும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பின்னால் வேறு வேலையாக அதை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க மாமாவின் குரல்தான் கேட்டது. பூட்டைப் பற்றி அதில் இருந்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்குள் போகலாம் என்ற சங்கதி.

திறந்த வாசல்

வங்கியின் கணினி ஏற்பாடு வீட்டு அடுப்படி மாதிரி. உள்ளே புழங்குகிறவர்கள் யார் யார் என்று தெரியும், பாத்திரமெல்லாம் வீட்டுடையது, வெளியாளுக்கு வாசலோடு சரி. பல்கலைக்கழகம் கல்யாண வீடு. ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஆயிரக்கணக்கில் புதுமுகங்கள் வருவார்கள், அதே அளவு போவார்கள். வருகிறவர்கள் வீட்டுக் கரண்டியையும் கையோடு கொண்டுவருவார்கள்: லேப்டாப், போன், எந்த ஜெராக்ஸ் கடையில் எதிலெல்லாம் செருகப்பட்டதோ தெரியாத பென்டிரைவ். மூன்று மாதம் தங்கிப்போகும் ஆராய்ச்சியாளர், கருத்தரங்குக்கு வரும் விருந்தாளிகள் வேறு. ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி இருக்கும். அதை இயக்கும் கணினியில் விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. நுண்ணோக்கியோ இன்னும் பத்து வருடம் உழைக்கும். தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

கதவைச் சாத்தினால் கல்யாணம் நடக்காது. ஆகவே அடுப்புகளைத் தள்ளித்தள்ளிப் போடுகிறார்கள். விடுதி வைஃபை ஓர் அடுப்பு, சம்பளக் கணக்கு ஓர் அடுப்பு, தேர்வு மதிப்பெண் ஓர் அடுப்பு, அந்தக் கிழ நுண்ணோக்கி இணையத்தையே பார்க்காத மூலை அடுப்பு. வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் பாயச அண்டா தப்பிக்க வேண்டும். நடுவில் நிற்கும் ஃபயர்வால், எந்த அடுப்பிலிருந்து எந்த அடுப்புக்கு ஆள் போய்வரலாம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு தடுப்பவர், அவ்வளவுதான். விடுதி அறையிலிருந்து நூலகத்துக்குப் போகும் கோரிக்கையை விடுவார். அங்கிருந்தே சம்பள சர்வரை நோக்கிப் போனால் மறிப்பார். “என் அறையில் பிரிண்டர் வைத்தால் ஏன் வேலை செய்வதில்லை” என்று மாணவர்கள் புலம்புவதற்கு இதுபோன்ற தடுப்பும் ஒரு காரணம்.

மாவும் உப்பும்

கணினிக் கடவுச்சொல் பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் என்று சொல்லலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961-ல் இயக்கிக் காட்டினார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அது வந்த சூட்டோடு முதல் திருட்டும் வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. அது போதவில்லை. 1962-ல் அவர் துளை அட்டை ஒன்றில் ‘இந்தக் கோப்பை அச்சடித்துத் தா’ என்று கேட்டு, கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பையே காகிதத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பூட்டை உடைக்கவில்லை. கேட்டார், பரிமாறினார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1966-ல் அங்கே நடந்த கூத்து. கோப்பைத் திருத்தும் நிரல், வேலை நடக்கும்போது ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அந்தத் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு நாள் நிர்வாகி ஒருவர் எல்லாருக்குமான வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருக்க, அதே நேரம் இன்னொரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டும் ஒரே பாத்திரத்தில் விழுந்தன. அதன் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வணக்கத்துக்குப் பதில் எல்லாருடைய கடவுச்சொல்லும் திரையில் வந்தது. இரண்டு சமையல்காரர்கள், ஒரே கரண்டி.

இன்று ஒழுங்காக நடத்தப்படும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உங்கள் கடவுச்சொல் அப்படியே எழுதிவைக்கப்படுவதில்லை. அதை அரைத்து மாவாக்கி வைக்கிறார்கள். அரைத்த மாவிலிருந்து பருப்பைத் திரும்பப் பொறுக்க முடியாது. ஆனால் அதே பருப்பை அதே உரலில் அரைத்தால் அதே மாவு வரும். நீங்கள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் தட்டும் சொல்லை அரைத்து, இருக்கிற மாவோடு ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தால் இருவர் மாவும் ஒன்றாக இருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துபோகும். ஆகவே ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் உப்புப் போட்டு அரைக்கிறார்கள். உவமைக்காக நான் சொன்ன உப்பு இல்லை இது. துறைக்காரர்களே அதற்கு ஆங்கிலத்தில் ‘சால்ட்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் உப்புப் போட்ட கதையை 1979-ல் எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் மோரிஸ். அவர் மகன், அதே பெயர்க்காரர், கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1988 நவம்பர் 2 அன்று ஒரு புழு நிரலை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். எளிதாக ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களை முயன்று பார்ப்பது அதன் வித்தைகளில் ஒன்று. தந்தை உப்புப் போட்டார், மகன் ருசி பார்த்தார். மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. பிற்பாடு எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார்.

தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்று என்ற விதி இன்னும் பல பல்கலைக்கழகக் கொள்கைகளில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘குமார்@1’ என்று வைத்தவர் அடுத்த முறை ‘குமார்@2’ என்று வைப்பார், வேறென்ன நடக்கும்? அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, திருடு போனதற்கு அறிகுறி இருந்தால் ஒழியக் கட்டாயப்படுத்தி மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. நீளமான சொல்லும் அதோடு ஓடிபி போன்ற இரண்டாவது அடையாளமும் இருந்தால் போதும். சாமான் வைக்கும் உக்கிராணத்துக்குச் சாவி கொண்டுபோனாலும் மாமா அந்த நேரத்தில் கொடுத்த சீட்டையும் காட்ட வேண்டும் என்பதுதான் ஓடிபி. போனில் கேட்பவனுக்கு அதைப் படித்துக்காட்டினால் சீட்டைக் கையில் கொடுத்த கதை.

நண்பனுக்கு லாகின் கொடுப்பது தோழமைபோலத் தோன்றும். ஆனால் உக்கிராணக் கணக்கு நோட்டில் உங்கள் பெயரில்தான் நெய் போகும். வாங்கிய கை கெட்ட கையாக இருந்தால் சட்டமும் வரும்: இன்னொருவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்.

சம்பந்தி வீட்டு ஆள்

பல பல்கலைக்கழகங்களின் வைஃபை பட்டியலில் ‘எடுரோம்’ என்று ஒரு பெயர் தெரியும். 2002-ல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. பந்தியில் உட்கார்ந்த முகம் தெரியாதவரை யாரும் எழுப்பிவிடுவதில்லை. சம்பந்தி வீட்டில் ஒருவரைக் கேட்டால் “எங்க ஆள்தான்” என்று பதில் வரும், இலை விழும். எடுரோமும் அப்படித்தான்: விருந்தாளியாகப் போன இடத்தில் சொந்தப் பல்கலைக்கழக லாகினிலேயே வைஃபை கிடைக்கும். உங்கள் கடவுச்சொல் ஒட்டிய உறைக்குள் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. விருந்து வைக்கிறவர் உறையைப் பிரிப்பதில்லை, மேலே எழுதிய ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து அனுப்பிவைக்கிறார். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல் திரும்பி வருகிறது.

விருந்தாளிக்கு இலை உண்டு, அடுப்பு கிடையாது. பொது அடுப்பில் சொந்த வியாபாரத்துக்கு முறுக்குச் சுடுவது வீட்டு ஆளுக்கும் கூடாது. 2014-ல் ஹார்வர்டில் ‘ஒடிஸி’ என்ற ஆராய்ச்சிக் கணினித் தொகுப்பில் ஒருவர் டோஜ்காயின் என்ற மின்நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆராய்ச்சிக் கணினி வசதிகள் எதையும் இனி அவர் தொடக்கூடாது என்று நிரந்தரமாகக் கதவடைத்துவிட்டார்கள்.

மாஸ்ட்ரிக்ட்டில் ஒரு டிசம்பர்

இனி முக்கியமான கதை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபர் 15, 16 தேதிகளில் வந்த இரண்டு மின்னஞ்சல்களில் இருந்த இணைப்பை யாரோ திறந்தார்கள். ஒரு எக்செல் கோப்பு இறங்கியது. அதற்குள் இருந்த மேக்ரோ என்ற குட்டி நிரல் வெளியாளுக்கு வழி திறந்தது. முகூர்த்த நேரத்து நெரிசலில் ஒரு பையன் ஓடிவந்து “மாமா நெய் டின் கேட்டாரு” என்றால் யார் நின்று விசாரிப்பார்கள்? தூண்டில் மின்னஞ்சல்கள் எல்லாமே அவசரத்தில்தான் பிழைக்கின்றன. ‘உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்’ என்று வருவதும் இந்த ரகம்.

ஆனால் ஒருவர் எதையோ திறந்தது அல்ல இந்தக் கதையின் பேரிடர். ஆயிரக்கணக்கானோர் புழங்கும் இடத்தில் யாரோ ஒருவர் தினமும் எதையாவது திறக்கத்தான் செய்வார். கவனிக்க வேண்டியது அதன் பிறகு ஓடிய இரண்டு மாதம். உள்ளே வந்தவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நவம்பர் 21 அன்று பாதுகாப்புத் திருத்தம் போடாமல் விட்டிருந்த சர்வர் ஒன்றின் வழியாக மொத்த அமைப்பின் மேலும் நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்தார்கள்.

பாதுகாப்புத் திருத்தம் என்றால் என்னவென்று பித்தளைப் பாத்திரம் புழங்கிய வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் அண்டா, குண்டான் எல்லாம் வாசலுக்கு வரும். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோனால் வெளியே ஒன்றும் தெரியாது. பாத்திரம் பளபளவென்றுதான் இருக்கும். புளி விட்டு ரசம் வைத்தால்தான் களிம்பு வேலையைக் காட்டும். எல்லாப் பாத்திரத்துக்கும் பூசி ஒன்றிரண்டை விட்டுவிட்டால் அந்த ஒன்றிரண்டில்தான் வினை. மென்பொருள் நிறுவனங்கள் மாதாமாதம் திருத்தம் வெளியிடுகின்றன. ‘தேர்வு நேரம், இப்போது சர்வரை நிறுத்த முடியாது’ என்று தள்ளிப்போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நிர்வாகி அதிகாரம் என்பது எல்லா அண்டாவுக்குள்ளும் போகும் ஒரே கரண்டி. அது வெளியாள் கைக்குப் போனது. டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு முன்தினத்துக்கு முன்தினம், ஆள் இல்லாத நேரம் பார்த்து ‘க்ளாப்’ என்ற ரான்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரலை, ஓட்டினார்கள். குறைந்தது 267 சர்வர்களில் இருந்த கோப்புகள் திறக்க முடியாதபடி குழப்பிப் பூட்டப்பட்டன.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது. வீட்டில் தினமும் தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாளைய உறைக்கு வைப்போம். தயிர்ப் பானையைப் பூனை கவிழ்த்தால் அந்த உறைமோர் காப்பாற்றும், அதுவும் போனால் அடுத்த வீட்டுக் கிண்ணம். மாஸ்ட்ரிக்ட்டில் பேக்கப் சர்வர்கள் சிலவும் அதே வலைப்பின்னலில் இருந்தன. உறைமோர்க் கிண்ணத்தையும் அதே உறியில் தொங்கவிட்டிருந்தார்கள், பூனை இரண்டையும் பார்த்துவிட்டது. இதனால்தான் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு வழக்கம் சொல்கிறார்கள். வேறு இடம் என்றால் கம்பியில் தொடாத இடம்.

டிசம்பர் 30 அன்று பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அதாவது சுமார் 2 லட்சம் யூரோ கொடுத்துத் திறவுகோலை வாங்கியது. ஜனவரியில் தேர்வு, ஆராய்ச்சியாளர்களின் பல வருட உழைப்பு பூட்டுக்குள். கொடுத்தது தவறு என்று தள்ளியிருந்து சொல்வது சுலபம். நான் சொல்லத் துணிய மாட்டேன். மெச்ச வேண்டியது ஒன்று உண்டு: 2020 பிப்ரவரி 5 அன்று பொதுவில் கூட்டம் போட்டு, ஃபாக்ஸ்-ஐடி நிறுவனத்தின் விசாரணை அறிக்கையை எல்லார் முன்னும் வைத்தார்கள். இதில் ஒரு வால் கதையும் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த கணக்கை நெதர்லாந்துக் காவல்துறை முடக்கியது. அப்போது அதன் மதிப்பு 40,000 யூரோ. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் செய்தி 2022-ல் வந்தபோது பிட்காயின் ஏறியதில் அது சுமார் 5 லட்சமாகியிருந்தது. பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு உதவும் நிதியில் சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

அதே டிசம்பரில் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகமும் தாக்கப்பட்டது. அவர்கள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். பிறகு ஏறக்குறைய 38,000 பேருக்குப் புதுக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். எப்படி அனுப்புவது? மின்னஞ்சலில் அனுப்ப முடியாது, சந்தேகமே மின்னஞ்சல் மேல்தான். சாவி தொலைந்ததா என்ற சந்தேகம் வந்தபின் புதுச் சாவியை அதே பையன் கையில் கொடுத்தனுப்புவார்களா? அடையாள அட்டையோடு நேரில் வரச் சொல்லி, உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசை வைத்து, காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். கணினி யுகத்தில் பந்தி வரிசை.

பழைய அண்டா, கணக்கு நோட்டு

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018 நவம்பரில் நுழைந்தவர்கள், சீக்கிரம் ஓய்வு கொடுக்கவிருந்த ஒரு பழைய சர்வரைப் பிடித்து அதைத் தங்கள் பட்டறையாக்கிக்கொண்டார்கள். கொல்லைப்புறத்தில் கழுவாமல் கவிழ்த்துவைத்த அண்டாவுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று எவர் பார்ப்பார்? அவர்கள் எட்டிய தரவுகள் 19 வருடத்துக்குரியவை: பெயர், வங்கிக் கணக்கு, வரி எண், கடவுச்சீட்டு விவரம், மதிப்பெண். பத்தொன்பது வருடத்துக்கு முன் படித்துப்போனவரின் வங்கிக் கணக்கு எண் எதற்கு இன்னும் உக்கிராணத்தில்? போன வருடத்து மாவில் வண்டுதான் இருக்கும். எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்ற பத்தி பல கொள்கைகளில் கடைசியில் இருக்கும். நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.

யார் எப்போது எதை எடுத்தார்கள் என்ற கணக்கு நோட்டுக்கு அவர்கள் மொழியில் ‘லாக்’ என்று பெயர். இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் மாஸ்ட்ரிக்ட்டில் அக்டோபர் 15 என்ற தேதியையே யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அந்த நோட்டில் மாணவர் நள்ளிரவில் எந்தத் தளத்துக்குப் போனார் என்பதும் பதிவாகிறது. அதை யார் புரட்டலாம், யார் அனுமதியோடு, எந்தக் காரணத்துக்கு? நல்ல கொள்கை இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கும். ‘தேவைப்பட்டால் கண்காணிக்கப்படும்’ என்று ஒற்றை வரியில் முடிக்கும் கொள்கையைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நெய்க் கணக்கு எழுதுகிறேன் என்று பந்தியில் யார் எத்தனை லட்டு சாப்பிட்டார்கள் என்றும் எழுதிக்கொண்டிருந்தால் அது உக்கிராண வேலை இல்லை.

‘தவறாக எதையாவது திறந்துவிட்டால் உடனே தெரிவிக்கவும்’ என்றும் ஒரு வரி இருக்கும். தெரிவித்தவருக்கு என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்துத்தான் அந்த வரிக்கு உயிர். ஒரு கல்யாணத்தில் சீனு என்ற பையன் ஈரக் கரண்டியை மாங்காய் ஊறுகாய்க்குள் விட்டுவிட்டு, தானே ஓடிவந்து மாமாவிடம் சொன்னான். நாங்கள் எல்லாரும் அடி விழும் என்று காத்திருந்தோம். மாமா ஒன்றும் பேசவில்லை. மேல் அடுக்கை வழித்து எடுத்து அன்றைய பந்திக்கே அனுப்பினார். மிச்சத்தின் மேல் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி, ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைத்தார். சீனுவைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஊறுகாய்க் கரண்டியைத் துடைத்துவைப்பது அவன் பொறுப்பு.